அழுத பிறகு எங்கே போகிறோம்?

எழுதி அனுப்பிவிட்ட கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது. பவுல் அப்போஸ்தலருக்கு அந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். கொரிந்து சபைக்குக் கண்ணீரோடு கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். தீத்துவை அங்கே அனுப்பிவிட்டு, அவர் என்ன செய்தியோடு வருவாரோ என்று காத்திருந்தார். துரோவா பட்டணத்தில் ஊழியத்துக்கு நல்ல வாசல் திறந்திருந்தும், தீத்துவைக் காணாமல் அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. விடைபெற்றுக்கொண்டு கடல் தாண்டி மக்கெதோனியாவுக்குப் போனார். அங்கேயும் வெளியே போராட்டம், உள்ளே பயம். "ஏன்தான் அப்படி எழுதினோமோ" என்று ஒரு கட்டத்தில் வருந்தியதாக அவரே இரண்டாம் கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தில் ஒத்துக்கொள்கிறார்.

கடைசியில் தீத்து வந்தார். நல்ல செய்தி கொண்டுவந்தார். கடிதம் அவர்களைக் காயப்படுத்தியது உண்மை. ஆனால் அந்தக் காயம் அவர்களைத் திருத்திவிட்டது. அந்த நிம்மதியில் பவுல் எழுதும்போதுதான், தேவனுக்கேற்ற துக்கம் என்றும் லௌகிக துக்கம் என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று மனந்திரும்புதலுக்கும் இரட்சிப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்றது சாவில் கொண்டுபோய் விடும் என்கிறார். கண்ணீரோடு எழுதிய அந்தக் கடிதம் நம் கையில் இருக்கும் முதலாம் கொரிந்தியர் நிருபம்தான் என்பவர்கள் உண்டு; அது தொலைந்துபோன வேறொரு கடிதம் என்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், இந்தப் போதனை ஏதோ பாடசாலையில் உட்கார்ந்து யோசித்து எழுதியது இல்லை. பிள்ளைகளைக் கண்டித்துவிட்டுத் தூங்காமல் கிடந்த ஒரு தகப்பனின் அனுபவத்திலிருந்து வந்தது.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கி.மு. 146-இல் ரோமர்கள் தரைமட்டமாக்கிய ஊர் அது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். லெகாயோன், கெங்கிரேயா என்று இரண்டு பக்கமும் துறைமுகம். வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர்களும், விடுதலை பெற்ற அடிமைகளின் வாரிசுகளும், கல்வெட்டில் தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ளத் துடித்தவர்களும் நிறைந்திருந்த இடம். பெயரும் அந்தஸ்துமே பெரிதென்று இருந்த அந்த ஊரில், கி.பி. 55, 56 வாக்கில், கூடாரம் செய்து பிழைத்த ஒரு யூதர் கண்டித்து எழுதிய கடிதத்தைச் சபைக்கு நடுவில் வாசித்திருப்பார்கள். "எங்களைக் கேட்க இவர் யார்?" என்று அவர்கள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. துக்கப்பட்டார்கள். பவுல்மேல் இருந்த வாஞ்சையும் கூடியது. கண்டித்தவர்மேல் வாஞ்சை கூடுவது சாதாரணக் காரியமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பிரசங்கங்களில் இந்த இரண்டு துக்கத்தையும் பிரித்துச் சொல்ல ஒரு வழக்கமான விளக்கம் உண்டு. தண்டனைக்குப் பயந்து அழுவது லௌகிக துக்கம், பாவத்தையே வெறுத்து அழுவது தேவனுக்கேற்ற துக்கம் என்பார்கள். சரியான விளக்கம்தான். ஆனால் சேகரக் கமிட்டியிலும் சபை மூப்பராகவும் நெடுங்காலம் இருந்து, குடும்பத் தகராறு முதல் காணிக்கைக் கணக்குத் தகராறு வரை பேசித் தீர்க்க உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அழுகிறவர் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அழுகிறவருக்கே பல நேரம் தெரியாது. தேம்பித் தேம்பி அழுதவர்கள் அடுத்த வாரமே பழைய வழிக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தலைகுனிந்து போனவர் வாழ்க்கையே மாறியதையும் பார்த்திருக்கிறேன். கண்ணீரின் அளவு நமக்கு எதையும் சொல்லாது. கண்ணீர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதுதான் சொல்லும்.

ஏரோது ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் ஸ்நானனின் தலையைத் தாலத்தில் வைத்துத் தரும்படி விருந்தில் நடனமாடிய பெண் கேட்டபோது அவன் மிகவும் துக்கப்பட்டான் என்று மாற்கு எழுதுகிறார். பொய்த் துக்கம் என்று சொல்ல முடியாது. யோவானை நீதிமான் என்று அறிந்து, அவர் பேச்சை விருப்பமாய்க் கேட்டவன் அவன். மனம் உண்மையாகவே கனத்திருக்கும். ஆனாலும் கேட்பதைத் தருவேன் என்று எல்லாரும் கேட்க அவளுக்கு ஆணையிட்டாயிற்று, பந்தியில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். துக்கப்பட்டுக்கொண்டே சேவகனை அனுப்பினான். துக்கம் ஒரு பக்கம் இருந்தது, வாள் தன் வேலையை முடித்தது. விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டு துக்கப்பட்டால் இவ்வளவுதான் நடக்கும்.

சவுல் ராஜாவும் அப்படித்தான். அமலேக்கியரோடு செய்த போரில் தேவன் சொன்ன சொல்லை மீறினான். சாமுவேல் வந்து கேட்டபோது முதலில் எல்லாவற்றையும் நிறைவேற்றினேன் என்றான். பிறகு ஜனங்கள்மேல் பழியைப் போட்டான். கடைசியில் பாவம் செய்தேன் என்று வாயால் சொன்னான். கேட்டால் உருகிவிடுவோம். ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும், என்னோடுகூடத் திரும்பி வாரும் என்று சாமுவேலைக் கெஞ்சினான். சால்வையின் தொங்கலைப் பிடித்து இழுக்கிற அளவுக்குக் கெஞ்சினான். துணி கிழிந்தது. ராஜ்யம் போய்விட்டது என்று தீர்க்கதரிசி சொல்லிவிட்ட பிறகும் அவன் கவலை, மூப்பர்கள் முன்னால் முகம் காட்ட வேண்டுமே என்பதில்தான் இருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வரும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?", "இனி ஊரில் எப்படித் தலைகாட்டுவேன்?", "யார் முகத்தில் முழிப்பேன்?" என்ற வார்த்தைகள் நம் வீடுகளில் புழங்குகிற அளவுக்கு "அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்?" என்ற கேள்வி புழங்குவதில்லை. ஒருவருடைய மகன் அரசு வேலையில் இருந்தபோது லஞ்சம் வாங்கிக் கையும் களவுமாகப் பிடிபட்டான். ஆறுதல் சொல்லப் போயிருந்தோம். தகப்பனார் வீட்டுக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பேப்பரில் போட்டோ வந்துவிட்டதே, கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பமாயிற்றே என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த அழுகை எங்கள் எல்லாருடைய நெஞ்சையும் பிசைந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், யாரிடம் அவன் பணம் வாங்கினானோ அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை அங்கே எழும்பவில்லை. பட்டா மாற்ற வந்த ஒரு ஏழை விவசாயி அவர். எங்களில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்ற துக்கம், ஊருக்குத் தெரியாமல் போயிருந்தால் வந்திருக்காது.

அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. மானம் போன வேதனை பெரிய வேதனை. அது மனிதனை உள்ளுக்குள் தின்னும்; படுக்கையில் போடும்; சிலரை உயிரை மாய்த்துக்கொள்ளும் இடம் வரைக்கும் தள்ளும். லௌகிக துக்கம் மரணத்தில் முடியும் என்று பவுல் சொன்னதை வெறும் மறுமைக் காரியமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. இந்த உலகத்திலேயே அது கொல்லும்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவிகள் இதைக் கூர்ந்து கவனித்தவர்கள். எவாகிரியு என்ற துறவி, மனிதனை அலைக்கழிக்கும் எட்டு நினைவுகளை வகுத்து எழுதியபோது துக்கத்தையும் அதில் ஒன்றாகச் சேர்த்தார். பெருந்தீனி, பேராசை, கோபம் இவற்றோடு துக்கமும் அந்த வரிசையில் நிற்கிறது. ஆசைப்பட்டது கிடைக்காதபோது துக்கம் வரும், இல்லாவிட்டால் கோபத்தின் வால்பிடித்து வரும் என்பது அவர் கண்டது. எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. நம்முடைய துக்கங்களில் எத்தனை, முகத்தை மாற்றிக்கொண்டு வந்த கோபம் என்பதை யோசித்துப் பார்க்கலாம். அவர் வழியில் வந்த ஜான் கசியான், தெற்கு பிரான்ஸில் மார்செய்ல் நகரத்தில் மடங்களை நிறுவியவர், இன்னும் தெளிவாகச் சொன்னார். தேவனுக்கேற்ற துக்கம் உள்ளவன் சாந்தமாகவும், பணிவாகவும், பிறரிடம் பொறுமையாகவும் இருப்பான். மற்றத் துக்கம் பிடித்தவன் சிடுசிடுப்பான், கசப்பான், யாரையும் கிட்டே சேர்க்கமாட்டான் என்பது அவர் கொடுக்கும் அடையாளம். அழுகிறவரின் கண்களைப் பார்க்காமல், அவர் வீட்டில் உள்ளவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கச் சொல்கிறார். மனைவியிடமும் வேலைக்காரரிடமும் எரிந்து விழுந்துகொண்டே ஒருவர் உபவாச ஜெபத்தில் கதறுகிறார் என்றால், அந்தக் கதறலைச் சந்தேகிக்க இடம் உண்டு.

இங்கேதான் தாவீதின் காரியத்தைச் சொல்ல வேண்டும். சவுல் செய்ததைவிடத் தாவீது செய்தது கொடுமை. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான். உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லவைத்தான். நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி உவமை சொல்லி, அந்த மனிதன் நீயே என்று முகத்துக்கு நேராகச் சொன்னபோது, தாவீது சாக்குப்போக்குச் சொல்லவில்லை. எந்த மூப்பர் முன்னால் கனம் போகும் என்றும் கேட்கவில்லை. ஒரே வரியில் ஒத்துக்கொண்டான். மன்னிப்புக் கிடைத்தது, விளைவுகள் நீங்கவில்லை. பிள்ளை செத்தது, பட்டயம் அந்த வீட்டைவிட்டு விலகவே இல்லை. ஐம்பத்தோராம் சங்கீதத்தின் தலைப்பில் நாத்தான் வந்த சம்பவம் எழுதியிருக்கிறது. இசைத் தலைவனிடம் ஒப்படைத்த பாட்டு அது. எல்லாரும் பாட, தன் பாவத்தின் பெயரைத் தலைப்பில் விட்டுவைத்த ராஜா வேறு யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நாளாகமத்தில் தாவீதின் பிள்ளைகள் பட்டியல் இருக்கிறது. பத்சேபாளிடத்தில் எருசலேமில் பிறந்த நான்கு பேரில் சாலொமோன் ஒருவன். இன்னொருவன் பெயர் நாத்தான். தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசியை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தான் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரை வாய்நிறையக் கூப்பிடுவதில் அவனுக்குக் கூச்சம் இருக்கவில்லை என்பது நிச்சயம். நாத்தானும் கடைசிவரை அந்த அரண்மனைக்குள் வந்துபோனார். தாவீது கிழவனாகிப் படுக்கையில் இருக்கும்போதும் நாத்தான் நேரே உள்ளே போய்ப் பேச முடிந்தது. சவுலோ, சாமுவேல் உயிரோடு இருந்த நாளெல்லாம் அதன்பின் அவரிடம் ஆலோசனை கேட்டுப் போனதாக வேதத்தில் இல்லை. கொரிந்தியருக்குப் பவுல்மேல் வாஞ்சை கூடியதைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். உங்கள் குற்றத்தை எடுத்துச் சொன்னவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் மனதாரப் போக முடிகிறதா என்று பாருங்கள். நான் கண்டவரையில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தகப்பனார் காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினை நடந்தபோது கிணற்றோடு சேர்ந்த நல்ல துண்டை அண்ணன் தந்திரமாகத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். தம்பி வாய்பேசாதவர். வானம் பார்த்த பூமியில் பாடுபட்டே இறந்துபோனார். அடக்க ஆராதனையில் அண்ணன் பெட்டியின்மேல் விழுந்து அழுதார். ஊரில் பலர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நானும் அந்த அழுகையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது நாள் ஜெபம் முடிந்து சில வாரங்கள் கழித்து, அவர் தம்பி மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். கிணற்றுத் துண்டில் பாதியை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். பத்திரச் செலவு அவருடையது. சர்வேயரை வரவழைத்துக் கல் ஊன்றினார்கள். அந்த அம்மா முதலில் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். "எங்களுக்கு வேண்டாம் அத்தான், அவுக இருக்கும்போது குடுத்திருக்கணும்" என்று சொன்னாராம். அவர் பதில் பேசாமல் வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பிறகு மூத்த பையன்தான், "பெரியப்பா நிக்காகம்மா" என்று சொல்லித் தாயை எழுப்பினான். அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் அப்படியொன்றும் நெருக்கமாக இல்லை. ஆனால் தண்ணீர் இரண்டு வயலுக்கும் பாய்கிறது. இவர் துக்கம் பத்திர அலுவலகம்வரை நடந்து போனது. சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னதும் இதே ரகம்.

துக்கம் செயலாவதற்குச் சில நேரம் மிகவும் காலம் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜான் நியூட்டன் என்றால் 'அமேசிங் கிரேஸ்' பாட்டு எழுதியவர் என்று சபையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். புயலில் மாட்டிய கப்பலில் மனந்திரும்பினார், உடனே அடிமை வியாபாரத்தை விட்டார் என்றுதான் அநேகர் பிரசங்கிக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. புயல் 1748-இல். அதன் பிறகும் அடிமைக் கப்பல்களில் போனார், கேப்டனாகவே இருந்தார். 1754-இல் உடம்புக்கு முடியாமல்தான் கடலை விட்டார். 1764-இல் குருப்பட்டம் பெற்றார். ஆல்னி ஊரிலும் பிறகு லண்டனிலும் பேர்பெற்ற போதகரானார். அடிமை வியாபாரத்தைப் பற்றி வெளிப்படையாக அவர் புத்தகம் எழுதியது 1788-இல். கடலை விட்டு முப்பத்துநான்கு வருஷம் கழித்து. என்னுடைய அறிக்கை மிகவும் பிந்தி வருகிறது என்று அதில் அவரே ஒத்துக்கொண்டார். தானே கையாளாக இருந்த தொழிலை நினைத்து உள்ளம் நடுங்குவதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிறு புத்தகத்தில் அவர் தன் நடுக்கத்தைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டிருக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில் அந்த ஜனங்களை எப்படி அடைத்தார்கள், எத்தனை பேர் வழியிலேயே செத்தார்கள், பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். பாராளுமன்ற விசாரணையில் சாட்சியும் சொன்னார். பொதுவாழ்வை விட்டு ஒதுங்கிவிடலாமா என்று தத்தளித்த வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் உறுப்பினர் தன்னைத் தேடி வந்தபோது, பாராளுமன்றத்திலேயே இரும் என்று திடப்படுத்தி அனுப்பியவரும் அவர்தான். 1807 மார்ச் மாதம் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. அதே வருஷம் டிசம்பரில் நியூட்டன் இறந்தார். பிந்தி வந்த துக்கம்தான். ஆனாலும் அது தன் பெயரைப் பார்த்து நிற்காமல், அநியாயம் செய்யப்பட்டவர்களைப் பார்த்து நின்றது.

அப்படியானால் செய்த தீங்கைச் சரிசெய்துவிட்டால் அது தேவனுக்கேற்ற துக்கம் ஆகிவிடுமா? ஆகாது. இந்த இடத்தில் யூதாஸ் காரியோத்தின் கதை நம்மை நிறுத்துகிறது. நாம் அவனைச் சுலபமாகப் பேசிவிட்டுப் போய்விடுகிறோம். மத்தேயு எழுதியிருப்பதை நிதானமாக வாசித்தால் திடுக்கிட வேண்டியிருக்கிறது. அவன் மனஸ்தாபப்பட்டான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் ஒன்று குறையாமல் திரும்பக் கொண்டுபோனான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவம் செய்தேன் என்று வாயால் அறிக்கையிட்டான். இயேசுவை விசாரித்துக்கொண்டிருந்த அந்த நாளில், அவர் குற்றமற்றவர் என்று பிரதான ஆசாரியர் முகத்துக்கு எதிரே சொன்னவன் அவன். துக்கம் உண்டு, அறிக்கை உண்டு, ஈடுசெய்தலும் உண்டு. ஆண்டவரை மறுதலித்த பேதுருவிடம் அன்றைக்கு இதில் பாதிகூட இல்லை. சேவல் கூவியது, ஆண்டவர் திரும்பிப் பார்த்தார், வெளியே போய் மனங்கசந்து அழுதார். அவ்வளவுதான். தன்னை அடையாளம் கண்ட வேலைக்காரியிடம் திரும்பிப் போய், நான் பொய் சொன்னேன் என்று அவர் சொன்னதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

பிறகு இருவருக்கும் வித்தியாசம் எங்கே? யூதாஸ் தன் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலுக்குப் போனான் என்று பாருங்கள். ஆசாரியரிடமும் மூப்பரிடமும் போனான். ஜனங்களின் பாவத்துக்காகப் பலிசெலுத்துகிறவர்கள் அவர்கள். பாவம் செய்தேன் என்று வருகிற ஒருவனுக்கு வழிகாட்டுவதே அவர்கள் வேலை. அவர்களோ, எங்களுக்கென்ன, அது உன்பாடு என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நொறுங்கும். காசை ஆலயத்தில் எறிந்துவிட்டுத் தனியே போனான். போனவன் திரும்பவில்லை. கல்வாரிப் பாதை அதே ஊரில்தான் இருந்தது. தன்னைச் "சிநேகிதனே" என்று கூப்பிட்டவரிடம் போக அவனுக்கு நெஞ்சம் வரவில்லை.

பேதுருவோ தனியே போகவில்லை. எந்த முகத்தோடு போய்ச் சேர்ந்தாரோ தெரியாது; ஆனால் ஞாயிறு காலையில் மகதலேனா மரியாள் ஓடிவந்து தேடும்போது அவர் இன்னொரு சீஷனோடு இருக்கிறார். மற்ற சீஷர்கள் அவரைத் தங்கள் நடுவில் இருக்க விட்டார்கள். நீதானே மறுதலித்தவன், வெளியே போ என்று அவர்கள் சொல்லியிருந்தால் என்னாகியிருக்கும்? பிறகு திபேரியா கடற்கரையில், நிற்கிறவர் கர்த்தர் என்று கேட்டதும் படகைக்கூட எதிர்பாராமல் தண்ணீரில் குதித்துக் கரைக்கு வருகிறார். அங்கே கரிநெருப்பு எரிகிறது. அவர் மறுதலித்த இரவில் பிரதான ஆசாரியன் முற்றத்தில் எரிந்ததும் கரிநெருப்புதான். இரண்டையும் யோவான் ஒருவர்தான் குறித்துவைத்திருக்கிறார். மூன்று தரம் மறுதலித்தவரை இயேசு மூன்று தரம் கேட்கிறார். மூன்றாம் தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆண்டவரே கிளறிய துக்கம் அது. வைத்தியர் ஆணி குத்திய காலைக் கீறுவதுபோல அந்த இடத்திலேயே கையை வைத்தார். உடனே ஆடுகளை மேய்க்கிற வேலையையும் கொடுத்தார்.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தேவனுக்கேற்ற துக்கம் ஒருவரைத் தேவனிடமும், தான் நோகச்செய்த மனிதரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும். லௌகிக துக்கம் அவரை அவரிடமே திரும்பக் கொண்டுவந்து பூட்டிவிடும். ஆனால் போகிற வழியில் நாமும் நிற்கிறோம். அந்த வாசலைத் திறப்பதிலும் சாத்துவதிலும் சபைக்குப் பங்கு இருக்கிறது. பவுல் இதை அறிந்திருந்தார். அதே இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், சபை தண்டித்த ஒரு மனிதனைப் பற்றி எழுதும்போது, பெற்ற தண்டனை போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மிஞ்சிய துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோவான் என்று எச்சரிக்கிறார். அப்படி ஆனால் அது சாத்தானுக்கே லாபம் என்கிறார். மனந்திரும்பியவனின் நல்ல துக்கம்கூட, மற்றவர்கள் வாசலைச் சாத்தினால், கெட்ட துக்கமாகத் திரிந்துவிடும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை இந்த இடத்தில் அவசியம். எல்லாத் துக்கத்தையும் இந்த இரண்டு பெட்டியில் ஒன்றில் போட்டுவிடக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுவது லௌகிக துக்கம் இல்லை. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார். ஸ்தேவானைத் தேவபக்தியுள்ள மனிதர்கள் எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. துக்க வீட்டில் போய், விசுவாசி இப்படி அழலாமா என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதேபோல மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், பசியில்லாமல், காரணம் தெரியாமல் இருண்டு கிடப்பவர்களுக்கு இருப்பது நோய். பாவத்தைத் தேடிக் கண்டுபிடித்து அவர்கள் தலையில் கட்டுவது பெரிய அநியாயம். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, சாகிறேன் என்று சொன்னபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொன்னான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அப்படிப்பட்டவர்களை மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கூடவே ஜெபமும் பண்ணுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

வருஷாவருஷம் சாம்பல் புதன் வருகிறது. நாற்பது நாள் தபசு காலம் வருகிறது. ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று பாவ அறிக்கையை எல்லாருமாகச் சொல்கிறோம். கத்தோலிக்க சகோதரர்கள் உத்தம மனஸ்தாப ஜெபம் சொல்கிறார்கள். இந்த வார்த்தைகளெல்லாம் வாயில் இருக்கும்போது, யாருக்கு நான் என்ன செய்தேன் என்ற ஒரு முகமாவது கண்முன்னால் வரட்டும். வந்தால், ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வாசலுக்கும் போய்விட்டுப் போங்கள். அவர்கள் கதவைத் திறக்காமல் போகலாம், மன்னிக்காமலும் போகலாம். அது அவர்கள் உரிமை. நாம் போக வேண்டியது நம் கடமை.

சபை மூப்பர்களாகவும், போதகர்களாகவும், குடும்பத்துக்குப் பெரியவர்களாகவும் இருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. தவறு செய்துவிட்டு ஒருவர் உங்களைத் தேடி வருவார். பணத்தைக் கையாடியவராக இருக்கலாம். குடித்து வீட்டை அழித்தவராக இருக்கலாம். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த மகளாக இருக்கலாம். அவர் அழுகை உண்மையா பொய்யா என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யும்படி கேளுங்கள். அதில் தயவு தாட்சணியம் வேண்டாம். பாதிக்கப்பட்டவரை விட்டுவிட்டு அவசரமாகச் சமாதானமும் பேசாதீர்கள். ஆனால் எங்களுக்கென்ன, அது உன்பாடு என்ற அந்த ஆசாரியரின் பதிலை மட்டும் எந்த நாளும் உங்கள் வாயிலிருந்து வரவிடாதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். உட்காரச் சொல்லுங்கள். அவரைத் தனியே போகவிடாதீர்கள்.